ஒல்லி டேபிள்தானே என்று அளக்காமல் வாங்காதீர்கள்

வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவர், சோபாவுக்குப் பின்னால் இருக்கிற சந்து, பெட்ரூமுக்குப் போகிற வழி. இப்படி சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்தாலே 'இங்கே ஒல்லியா ஒரு டேபிள் போட்டா நல்லா இருக்குமே' என்று தோன்றிவிடும். கன்சோல் டேபிள், சைடு டேபிள் என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும், எல்லாமே அழகு. கட்டில், பீரோ வாங்க நான்கு கடை ஏறி இறங்குகிற ஆட்கள்கூட இதை மட்டும் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள், அகலம் குறைவுதானே, எங்கே இடத்தை அடைக்கப்போகிறது என்ற நினைப்பில். ஆனால் சென்னை ஃபிளாட்டுகளில் சீக்கிரமே பால்கனிக்குத் துரத்தப்படுகிற சாமானும் இதுதான். டேபிளை அளந்து வாங்கியவர்கள், அதைப் போட்டபிறகு நடக்க எவ்வளவு வழி மிஞ்சும் என்று அளந்திருக்க மாட்டார்கள்.

ஒருவர் இடிக்காமல் கடந்துபோக மூன்று அடி வழி வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் இரண்டரை அடி, அதற்குக் கீழே போகக்கூடாது. இந்தக் கணக்குப்படி நான்கு அடி அகலமுள்ள நடைவழியில் 14 இன்ச் டேபிள் போட்டால் 34 இன்ச் மிஞ்சுகிறது, பரவாயில்லை என்றுதான் தோன்றும். சரி, அந்த டேபிள் சுவரோடு ஒட்டி நிற்குமா? நிற்காது. தரை ஓரத்தில் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் அரை இன்ச்சாவது துருத்திக்கொண்டிருக்கும், கால் அதில் முட்டி அப்படியே முன்னால் தள்ளி நிற்கும். அப்புறம் டேபிள் மேலே என்ன வரும் என்று பாருங்கள். வாசல் பக்கம் டேபிள் இருந்தால் ஹெல்மெட் அங்கேதான் வந்து உட்காரும், எத்தனை தடவை சொன்னாலும். முழுமுக ஹெல்மெட் ஒரு அடி நீளத்துக்குக் குறையாது, 10 இன்ச் டேபிளில் வைத்தால் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்குப் போடுகிற 14.2 கிலோ சிலிண்டரின் குறுக்களவும் கிட்டத்தட்ட ஒரு அடிதான், அதைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வருகிறவருக்கு நீங்கள் விட்டுவைத்த வழி போதுமா? இஸ்திரித் துணி மூட்டை, தண்ணீர் கேன், துடைக்கிற பக்கெட் எல்லாம் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். நடை மூன்றரை அடிதான் என்றால் எட்டு இன்ச்சுக்கு மேல் எதையும் போடாதீர்கள். என்னைக் கேட்டால் அந்த இடத்துக்குக் கால் உள்ள டேபிளே வேண்டாம், சுவரில் ஒரு பலகை அடித்தால் போதும், அடியில் பெருக்கவும் வசதி.

கதவையும் மறக்கிறார்கள். வாசல் கதவு பெரும்பாலும் மூன்றரை அடி இருக்கும். அது முழுசாகத் திறந்து எந்தச் சுவரில் போய்ச் சாய்கிறதோ அந்தச் சுவர் உங்களுக்குக் கிடையாது. ஃபிரிட்ஜ் கதவு, ஷூ ரேக் கதவு, பாத்ரூம் கதவு எல்லாவற்றையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். கீழே இருக்கிற பிளக் பாயின்ட் டேபிளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், சார்ஜர் சொருக ஒவ்வொரு முறையும் டேபிளை நகர்த்த வேண்டியதுதான்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அளவை அவசரமாகப் படித்து மாட்டிக்கொள்வார்கள். 30 × 80 × 75 என்று போட்டிருக்கும். ஒரு தளத்தில் நீளம், அகலம், உயரம் என்ற வரிசை, இன்னொன்றில் அகலம், ஆழம் (சுவரிலிருந்து முன்னால் நீட்டுகிற அளவு), உயரம். இதில் சென்டிமீட்டரா இன்ச்சா என்ற குழப்பம் வேறு. படத்தை நம்பவே நம்பாதீர்கள். அந்த அறையின் அகலம் உங்கள் ஹால் மாதிரி இரண்டு மடங்கு இருக்கும், அதில் எந்த டேபிளும் ஒல்லியாகத்தான் தெரியும். செய்தித்தாளை டேபிள் அளவுக்கு வெட்டி, தரையில் அந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டு இரண்டு நாள் விடுங்கள். யார் யார் கால் அதை மிதிக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

உயரத்தில் பெரிய ரகசியம் இல்லை. சோபாவுக்குப் பக்கத்தில் என்றால் சோபாவின் கை எவ்வளவு உயரமோ அவ்வளவு, அல்லது ஒரு இன்ச் கீழே. அதைவிட உயரமாக இருந்தால் காபி டம்ளரை எடுக்கும்போது முழங்கை இடிக்கும். சோபாவுக்குப் பின்னால் என்றால் அதன் முதுகைத் தாண்டக்கூடாது. வாசல் பக்கம் 30 முதல் 32 இன்ச் சரியாக இருக்கும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வேறு விஷயம், டேபிள் கவிழ்வது. ஆழம் 10 இன்ச், உயரம் 32 இன்ச், மேலே கிரானைட் பலகை, கீழே பென்சில் மாதிரி இரும்புக் கால். இப்படி ஒன்று இப்போது எல்லாக் கடையிலும் நிற்கிறது. 20 மி.மீ. தடிமன் உள்ள கிரானைட், மூன்று அடிக்கு ஒரு அடி என்றால் சுமார் 15 கிலோ வரும். அவ்வளவு எடையும் உச்சியில். நடக்கப் பழகுகிற குழந்தை முன்விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய காலத்து பிரெஞ்சு மாளிகைகளில் இந்த ஒல்லி டேபிள்களுக்கு முன்னால் மட்டும்தான் கால் இருக்கும், பின்பக்கத்தைச் சுவரோடு சேர்த்துப் பொருத்திவிடுவார்கள். நாம் பின்காலை வைத்துக்கொண்டு பொருத்துவதை விட்டுவிட்டோம். இரண்டு எல்-கிளாம்ப், நான்கு ஸ்குரூ, அவ்வளவுதான் வேலை. முன்பக்கம் மடிந்து திறக்கிற ஒல்லி ஷூ ரேக்குக்கும் இதே கதைதான், சுவரில் மாட்டாமல் நிறுத்தினால் இரண்டு கதவைச் சேர்த்துத் திறக்கும்போதே முன்னால் சாயும்.

மாட்டும்போது சுவர் எது என்று பாருங்கள். புது ஃபிளாட்டுகளில் உள்சுவர் பெரும்பாலும் எடை குறைந்த வெள்ளைக் கற்கள், செங்கல் இல்லை. அதில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் போட்டு முடுக்கினால் கொஞ்ச நாளில் மாவாக உதிர்ந்து கழன்றுவரும். அந்தக் கல்லுக்கென்றே தனி பிளக் இருக்கிறது, ஹார்டுவேர் கடையில் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடு, ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார் என்றால், கீழ்த்தட்டு இருக்கிற டேபிளாகப் பார்த்து எடுத்து அதில் கனமான புத்தகங்களை அடுக்குங்கள். குழந்தை இருக்கிற வீடு என்றால் இதுவும் போதாது, உயரமான ஒல்லி டேபிளைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது.

அடுத்தது தண்ணீர். நம் வீடுகளில் தினமும் தரையைத் துடைக்கிறோம், அதுவும் ஈரம் சொட்டச் சொட்ட. டேபிளின் கால் தினமும் ஒருமுறை தண்ணீரில் நிற்கிறது என்றுதான் அர்த்தம். 'இன்ஜினியர்ட் வுட்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் எம்.டி.எஃப். அல்லது பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளை அழுத்தி ஒட்டிய பலகை. சுற்றிலும் லேமினேட் பளபளப்பாக இருக்கும், ஆனால் தரையைத் தொடுகிற அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள், அங்கே பல டேபிள்களில் எதுவும் ஒட்டியிருக்காது. அந்த வழியாகத் தண்ணீர் ஏறி, கால் கீழிருந்து இட்லி மாதிரி உப்பும், அப்புறம் ஓரத்து டேப் பிரியும், அப்புறம் டேபிள் ஆட ஆரம்பிக்கும். ஒருமுறை உப்பியது திரும்பச் சுருங்காது. அகலக் காலில் இது லேசில் தெரியாது, ஒல்லிக் காலில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வாங்கிய அன்றைக்கே ஒவ்வொரு காலுக்கும் ரப்பர் புஷ் மாட்டிவிடுங்கள், பெரிய செலவில்லை. இரும்புக் காலுக்கும் மாட்டத்தான் வேண்டும், இல்லையென்றால் டைல்ஸில் வட்டமாகத் துருக்கறை படியும். திருவான்மியூர், பெசன்ட் நகர் என்று கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வெல்டு வைத்த இணைப்புகளைப் பாருங்கள், துரு முதலில் அங்கேதான் கிளம்பும்.

பிளைவுட் என்றால் பலகையில் ஐ.எஸ்., அதாவது இந்தியத் தரநிலை எண்ணோடு முத்திரை இருக்கும். ஐ.எஸ். 710 நனைவதைத் தாங்குகிற ரகம், ஐ.எஸ். 303 அதற்கு ஒரு படி கீழே. பாத்ரூம் சுவரின் மறுபக்கம் எதையும் ஒட்டிப் போடாதீர்கள். ஓதம் இருந்தால் பின்பலகை பூத்துவிடும், கரையான் வந்தாலும் பின்னால் நடக்கிறது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தேக்குச் சாமான் தேடுகிறவர்கள் இஞ்ச் டேப்போடு போங்கள். அவை பெரிய வீடுகளுக்குச் செய்தவை, மரம் அருமையாக இருக்கும், ஆழம் உங்கள் நடைக்கு ஒத்துவராது.

இனி அலங்காரம். 10 இன்ச் டேபிளில் 12 இன்ச் உருளியை வைத்துப் பூ மிதக்க விட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், யாராவது இடிக்கும்வரை. தண்ணீர் வைக்கிற எதற்கும், பூச்சட்டி உட்பட, அடியில் தட்டு வேண்டும், இல்லையென்றால் மரத்தில் வெள்ளை வளையம் விழும். மார்பிள் மேல்பலகை என்றால் எலுமிச்சையும் மஞ்சளும் பக்கத்திலேயே வரக்கூடாது, ஒன்று அரிக்கும், மற்றது கறையாகும். கண்ணாடி மாட்டுகிறவர்கள் டேபிள் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு எடுத்து, மேல்பலகையிலிருந்து ஆறு முதல் எட்டு இன்ச் தள்ளி மாட்டுங்கள். ஆணி அடிப்பதற்கு முன் ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, அதில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பாத்ரூம் கதவோ கழுவப்போட்ட பாத்திரமோ தெரிந்தால் அதை இரண்டு மடங்காக்க நீங்களே செலவு செய்கிறீர்கள்.

பொம்மை, மெழுகுவர்த்தி, ஃபோட்டோ, குட்டிச் செடி என்று எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினால் கொலுப்படி ஆகிவிடும், தூசி தட்டவே ஒரு ஆள் வேண்டும். உயரமாக ஒன்று, குட்டையாக ஒன்று போதும். மீதி இடம் எப்படியும் காலியாக இருக்காது. சாவி, கரன்ட் பில், மாத்திரை அட்டை, கூரியர் கவர் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேரும். அதைத் தடுக்க முயன்று தோற்றவர்கள்தான் அதிகம், அதனால் ஆழமில்லாத ஒரு டிராயர் உள்ளதாகவே வாங்குங்கள், அல்லது ஒரு தட்டு வைத்து அதற்குள் மட்டும் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். ஃபேன் காற்றில் பில் பறக்காமல் இருக்கவும் உதவும்.

கடையில் உங்கள் அளவு கிடைக்கவில்லை என்றால் ஆசாரியிடம் சொல்லிச் செய்வது இந்தச் சாமானுக்கு நல்ல யோசனை, பலகையும் கொஞ்சம்தான் ஆகும். அவரிடம் இரண்டு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். பின்காலை மேல்பலகையின் விளிம்பிலிருந்து ஒரு இன்ச் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் ஸ்கர்ட்டிங்கைத் தாண்டி மேல்பலகை சுவரோடு ஒட்டும், பின்னால் விழுந்த பேனாவைத் துடைப்பக்குச்சி விட்டு எடுக்க வேண்டியிருக்காது. முன்னால் இரண்டு மூலையையும் நன்றாக உருட்டிவிடச் சொல்லுங்கள், ராத்திரி லைட் போடாமல் தண்ணீர் குடிக்கப் போகிறவர் இடுப்பு சரியாக அந்த உயரத்தில்தான் வரும்.