தேய்ந்த எழுத்தில் தொலைந்த புள்ளி

நண்பர்களின் கபடி அணிக்கு டி-ஷர்ட் வடிவமைத்தபோது, பழைய சுவர் விளம்பரம் மாதிரி உரிந்து தேய்ந்த தடித்த எழுத்துதான் வேண்டும் என்றார்கள், நானும் அப்படி ஒரு எழுத்துருவைத் தேடிப் போட்டேன். திரையில் அருமையாக இருந்தது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்த மாதிரித் துணி கைக்கு வந்ததும் வயிறு கலங்கிவிட்டது. பொடிக் கீறல்களில் மை அடைத்திருந்தது, ஏற்கெனவே தேய்ந்திருந்த புள்ளிகள் துணியில் பிடிக்காமல் ‘பட்டாளம்’ என்பது ‘படடாளம’ ஆகிவிட்டது. போதாததற்கு இரண்டு ‘ட’விலும் ஒரே இடத்தில் ஒரே கீறல், அதைப் பார்த்ததுமே இது இயல்பான தேய்மானம் இல்லை என்று தெரிந்துவிடும்.

சரி என்று அந்த எழுத்துருவை விட்டுவிட்டு, பலூ தம்பி என்ற தேய்மானமில்லாத எழுத்துருவில் சுத்தமாக எழுதி, அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக மாற்றி, சொல் முழுவதற்கும் சேர்த்து ஒரே டெக்ஸ்சரை (கீறல் படத்தை) மாஸ்க்காக, அதாவது எழுத்தை ஆங்காங்கே மறைக்கும் திரையாகப் போட்டேன். இப்போது கீறல் எழுத்துக்கு எழுத்து திரும்ப வராமல் குறுக்கே நீளமாக ஓடியது, அதுதான் உண்மையான சுவர் மாதிரி இருந்தது. அப்புறம் அரை மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களை அழித்தேன். புள்ளிகள் மேல் மட்டும் மாஸ்க்கைத் துடைத்து முழுசாக விட்டேன். தமிழில் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும், அங்கே தேய்மானமே வேண்டாம். அசல் அளவில் தாளில் அச்சிட்டுப் பத்தடி தள்ளி நின்று படித்துப் பார்த்த பிறகே அச்சகத்துக்கு அனுப்பினேன்.