வீட்டுக்கு ஆர்கேட் பெட்டி: கேமை முடிவு செய்துவிட்டுப் பெட்டியைத் தேடுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, பழைய கால ஆர்கேட் பெட்டி (காசு போட்டு நின்று ஆடும் வீடியோ கேம் பெட்டி) ஒன்றை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பக்கவாட்டு ஓவியம், மின்னும் பெயர்ப்பலகை எல்லாம் அப்புறம். எந்த கேம் ஆடப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. திரையும் ஜாய்ஸ்டிக்கும் அதைப் பொறுத்தே அமையும்.

படி 1: பிடித்த கேம்களை எழுதுங்கள்

வீட்டில் எல்லாரையும் கேட்டு ஐந்தாறு பெயர் எழுதினால் போதும். 1980-ல் நாம்கோ வெளியிட்ட பேக்-மேன், 1981-ல் வந்த கேலகா, டாங்கி காங் மூன்றுக்கும் திரை நெட்டுக்குத்தாக நிற்கும். 1991-ல் கேப்காம் கொண்டுவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு அது படுக்கைவாக்கில் இருக்கும். இரண்டு வகையும் வேண்டுமென்றால் 4:3 அளவில் (அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு) கொஞ்சம் பெரிய திரையாக, படுக்கைவாக்கிலேயே வாங்குங்கள். இப்போதைய டிவி மாதிரி அகலத் திரையில் பேக்-மேனைப் போட்டால் இரண்டு பக்கமும் கருப்பு விழுந்து, ஆட்டம் நடுவில் ஒடுங்கிப்போகும்.

படி 2: ஜாய்ஸ்டிக்கைக் கையில் பிடித்துப் பாருங்கள்

என்னைக் கேட்டால் பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். பேக்-மேனுக்கு நான்கு திசை ஜாய்ஸ்டிக். சண்டை கேம்களுக்கு எட்டுத் திசை, ஆளுக்கு ஆறு பட்டன். எட்டுத் திசைக் குச்சியில் பேக்-மேன் ஆடினால், திருப்பத்தில் கை சற்றுக் கோணலாகப் போனதும் இரண்டு சுவிட்ச் சேர்ந்து அழுந்தும். திரும்ப வேண்டிய வழியைத் தவறவிட்டு, பேயிடம் மாட்டிக்கொள்வீர்கள். ஜப்பானின் சான்வா போன்ற நல்ல தயாரிப்புகளில் அடித்தட்டை மாற்றி நான்கு, எட்டு என இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். அந்த வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

படி 3: வாசலிலிருந்து அளந்து வாருங்கள்

அறையை மட்டும் அளந்தால் போதாது. நின்று ஆடும் முழுப் பெட்டி ஆறடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், இரண்டடிக்கு மேல் அகலம். பழைய அசல் பெட்டியென்றால் நூறு கிலோவைத் தாண்டும். கிரில் கேட், நிலைப்படி, மாடிப்படித் திருப்பம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். திருப்பத்தில் ஏறாது என்று தெரிந்தால், நாலடி உயரச் சிறிய வகை அல்லது மேசைமேல் வைக்கும் வகை பக்கம் போய்விடுங்கள். ஆடுகிறவர் நிற்க முன்னால் மூன்றடி, காற்றோட்டத்துக்குப் பின்னால் அரை அடி விடவும்.

படி 4: பலகை

விலை குறைந்த பெட்டிகள் பெரும்பாலும் மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை. ஈரம் பட்டால் அடிவிளிம்பு ஊறி உப்பி, திருகாணி பிடிக்காமல் போகும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எத்தனை வீடுகளில் தண்ணீர் புகுந்தது என்று நமக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் வைப்பதாக இருந்தால் ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டில் செய்து வாங்குவதே நல்லது. ஆசாரியிடம் சொல்லி அடியில் நாலு அங்குலக் கால் வைக்கச் சொல்லுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலை ஒட்டிய இடமென்றால் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். உப்புக்காற்று பட்டன் சுவிட்சுகளைச் சீக்கிரம் அரித்துவிடும்.

படி 5: கரண்ட்

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெட்டி 120 வோல்ட், ஜப்பான் பெட்டி 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் புகைந்துவிடும். வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். பிக்சர் டியூப் உள்ள பெட்டியின் பின்கதவை நீங்களே திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எல்.சி.டி திரையே போதும் என்பது என் கருத்து.

படி 6: வாங்குமுன் ஆடிப் பாருங்கள்

ஆயிரக்கணக்கில் கேம் என்று விற்கும் போர்டுகள் (கேம்கள் பதிந்த மின்னணுத் தட்டுகள்) பெரும்பாலும் உரிமம் இல்லாதவை. ஆர்கேட்1அப் நிறுவனத்தின் பெட்டிகள் போல உரிமம் பெற்றவற்றைப் பாருங்கள். அரை மணி நேரம் நின்று ஆடுங்கள். மணிக்கட்டு வலித்தால் ஜாய்ஸ்டிக் பொருத்திய பலகையின் உயரம் உங்களுக்குப் பொருந்தவில்லை. எல்லா பட்டனையும் தனித்தனியே அழுத்தி 'டிக்' சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கிளம்பும்போது நாலு பட்டன், பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்ச் நாலு உதிரியாகச் சேர்த்து வாங்கி, அவற்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.