பைனரி சர்ச் சொல்லித்தர பத்துச் சீட்டு, மூன்று எண்கள்

பைனரி சர்ச்சை விளக்க ஐந்து நிமிடம் போதும். வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவில் பார், தேடும் எண் அதைவிடப் பெரியதென்றால் இடப்பக்கத்தை விட்டுவிடு, சிறியதென்றால் வலப்பக்கத்தை விட்டுவிடு, மிச்சத்தில் திரும்பவும் நடுவைப் பார். வகுப்பே தலையாட்டும். லேபில் எழுதச் சொல்லும்போதுதான் வேடிக்கை தொடங்கும். ஒருவருடைய நிரல் இருக்கிற எண்ணை இல்லை என்று சாதிக்கும், இன்னொருவருடையது நிற்காமல் சுற்றும்.

லேப் எடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், தனியாக உட்கார்ந்து படிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அரே, இன்டெக்ஸ், லூப் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இன்டெக்ஸ் 0-இல் தொடங்குகிறது.

படி 1: சீட்டு தயார் செய்யுங்கள்

பத்துத் துண்டுச் சீட்டுகளில் இந்த எண்களை எழுதி, இதே வரிசையில் மேசைமேல் கவிழ்த்து வையுங்கள்:

12, 19, 23, 31, 40, 46, 58, 63, 77, 85

சீட்டுக்குக் கீழே மேசையில் சாக்பீஸால் 0 முதல் 9 வரை எழுதிவிடுங்கள். எண்களை மாற்ற வேண்டாம். ஏன் இவை என்பது படி 4-இல் தெரியும்.

படி 2: இரண்டு விரல்

ஒரு மாணவரின் விரல் 0-இன் மேல், இன்னொருவரின் விரல் 9-இன் மேல். இவைதான் இடது, வலது. மூன்றாமவர் நடுவைக் கணக்கிட்டுச் சீட்டைத் திருப்புவார். ஒவ்வொரு சுற்று தொடங்கும்போதும் மூவரும் வாய்விட்டு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "எண் இருந்தால், இந்த இரண்டு விரலுக்குள்தான் இருக்கும், விரல் வைத்த சீட்டுகளும் சேர்த்து."

சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாக்கியத்தை மட்டும் விடாதீர்கள், பிறகு வரும் எல்லாச் சந்தேகத்துக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

படி 3: எழுதுவது

இடது = 0
வலது = 9
இடது <= வலது என்று இருக்கும்வரை:
– நடு = (இடது + வலது) / 2, பின்னத்தை விட்டுவிடு
– பட்டியல்[நடு] தேடும் எண்ணாக இருந்தால் நடுவைத் திருப்பிக் கொடு
– பட்டியல்[நடு] சிறியதாக இருந்தால் இடது = நடு + 1
– இல்லாவிட்டால் வலது = நடு − 1
லூப் முடிந்துவிட்டால் "இல்லை"

பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க விடும். இடது, வலது, நடு என்று அப்படியே எழுதலாம், ஓடும். முதல் தடவை பைத்தானில்தான் எழுத வைக்க வேண்டும் என்பது என் கட்சி. சி-யில் தொடங்கினால் கவனமெல்லாம் அரைப்புள்ளியிலும், உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப்-இலும் போய்விடும்.

படி 4: மூன்று எண்கள் (இங்கே அவசரப்படாதீர்கள்)

நிரல் ஓடியதும் எல்லாரும் 40-ஐத் தேடிப் பார்ப்பார்கள். முதல் சுற்றிலேயே கிடைத்துவிடும். அடுத்து 63, அதுவும் இரண்டே சுற்றில் வந்துவிடும். "ஓடுது சார்" என்று எழுந்துவிடுவார்கள். அனுப்பாதீர்கள். 58, 85, 50 இந்த மூன்றையும் தேடச் சொல்லுங்கள்.

முதலில் 58. சுற்றுச் சுற்றாக இப்படிப் போகும்:

0–9, நடு 4, சீட்டு 40. சிறியது.
5–9, நடு 7, சீட்டு 63. பெரியது.
5–6, நடு 5, சீட்டு 46. சிறியது.
6–6, நடு 6, சீட்டு 58. கிடைத்தது.

நான்காவது சுற்றில் இரண்டு விரலும் ஒரே சீட்டின்மேல் இருக்கின்றன. லூப் நிபந்தனையில் <= என்பதற்குப் பதில் < போட்டவருக்கு இந்தச் சுற்றே வராது. இருக்கிற 58-ஐ இல்லை என்று சொல்லிவிடும். எதற்கு அந்தச் சமக்குறி என்று கேட்பவரிடம் மேசையைக் காட்டுங்கள். இன்னும் ஒரு சீட்டு திருப்பப்படாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து 85. இது "இடது = நடு" என்று எழுதியவரைப் பிடிக்கும். அவருக்கு 0–9, 4–9, 6–9, 7–9, 8–9 என்று நகரும். 8-உம் 9-உம் கூட்டி 17, பாதி எட்டரை, பின்னம் போக 8. இடது ஏற்கெனவே 8. அடுத்த சுற்றும் 8–9, அதற்கடுத்ததும் 8–9. இங்கே நிரலை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சீட்டுக்குத் திரும்புங்கள். திருப்பிப் பார்த்துவிட்ட சீட்டின்மேல் ஏன் விரலை வைக்க வேண்டும்? +1 எங்கிருந்து வருகிறது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். இதே தவறான நிரல் 58-ஐ இரண்டாவது சுற்றிலேயே சரியாகக் கண்டுபிடித்துவிடும் என்பதையும் காட்டுங்கள். ஒரு எண்ணுக்கு விடை சரியாக வந்தால் போதாது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

கடைசியாக 50. பட்டியலில் இல்லாத எண். "வலது = நடு" என்று எழுதியவர் 6–6-இல் மாட்டிக்கொள்வார். அங்கே சீட்டு 58, பெரியது, அதனால் வலது திரும்பவும் 6. சரியான நிரலில் வலது 5-க்கு இறங்கும், இடது 6, லூப் முடியும். அப்போது இடது விரல் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். 50-ஐப் பட்டியலில் நுழைக்க வேண்டுமென்றால் சரியாக அந்த 6-ஆம் இடத்தில்தான் நுழைக்க வேண்டும்.

படி 5: கருவிகள்

முதலில் காகிதம். ஒரு பக்கத்தில் இடது, வலது, நடு, சீட்டு என்று நான்கு கட்டம் போட்டு மூன்று எண்ணுக்கும் கையால் நிரப்பிய பிறகுதான் கணினி. அதற்குப் பிறகு பைத்தான் டியூட்டர். பிலிப் குவோ உருவாக்கிய இந்தத் தளத்தில் நிரலை ஒட்டினால் ஒவ்வொரு வரியாக நகர்த்தி மாறிகளின் மதிப்பைப் பார்க்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் விசுவால்கோ தளமும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நகரும் படத்தைப் பார்த்தாலே புரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடும். ட்ரீ, கிராஃப் வரும்போது அதை வைத்துக்கொள்ளலாம்.

படி 6: நடுவைக் கணக்கிடும் வரி

இடது + வலது என்ற கூட்டல் இன்டிஜர் (முழு எண்) மாறி தாங்கும் எல்லையைத் தாண்டினால் விடை மைனஸில் போய்விடும். 32 பிட் இன்டிஜரின் எல்லை 2,147,483,647. பைத்தானில் இந்தத் தொல்லை கிடையாது. ஜாவாவில் இருந்தது. அதன் நூலகத்துக்கு பைனரி சர்ச் எழுதிய ஜோஷுவா பிளாக்கே இந்தப் பக் (நிரல் பிழை) பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்ததை 2006-இல் எழுதினார். மருந்து எளிது: நடு = இடது + (வலது − இடது) / 2.

"எங்களுக்கு எதுக்கு சார் நூறு கோடி எண்?" என்பார்கள். உங்கள் லேபில் இன்னும் டர்போ சி என்ற பழைய சி கம்பைலர் இருந்தால் (இருந்தால் தூக்கிவிடுங்கள், ஆனால் இதைக் காட்டிவிட்டுத் தூக்குங்கள்) அங்கே இன்டிஜர் 16 பிட், எல்லை 32,767. 0 முதல் 19,999 வரை வரிசையாக 20,000 எண்கள் போட்டுக் கடைசி எண்ணைத் தேடுங்கள். மூன்றாவது சுற்றில் இடது 15,000, வலது 19,999, கூட்டினால் 34,999. நடுவை அச்சிட்டால் −15,268 வரும். லேபில் தூங்குகிறவர்கூட எழுந்து பார்ப்பார்.

பின்னர் சேர்த்தவை

ஒரே எண் பல தடவை இருந்தால்? 12, 19, 19, 19, 23 என்ற பட்டியலில் 19-ஐத் தேடினால் மேலே உள்ள நிரல் இன்டெக்ஸ் 2-ஐத் தரும். முதல் 19 வேண்டுமென்றால், கிடைத்ததும் நிறுத்தாமல் நடுவைக் குறித்து வைத்துக்கொண்டு வலது = நடு − 1 என்று தொடருங்கள். லூப் முடியும்போது குறிப்பில் 1 இருக்கும். பைத்தானின் பைசெக்ட் நூலகத்தில் இதற்கென்றே ஃபங்ஷன் உண்டு. கையால் ஒரு தடவை எழுதிய பிறகு அதைப் பயன்படுத்தலாம்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது: பட்டியல் வரிசையில் இல்லையென்றால் வரிசைப்படுத்திவிட்டுத் தேடலாமே? ஒரே ஒரு எண்ணைத் தேடத்தான் என்றால் வேண்டாம். வரிசைப்படுத்தும் வேலையே முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்ப்பதைவிட அதிகம். அதே பட்டியலில் ஆயிரம் தடவை தேடப்போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் ஒரு தேடலுக்கு அதிகபட்சம் 20 சீட்டுத்தான் திருப்ப வேண்டும்.