இங்கிலீஷ் பேசச் சொன்னா வாயே திறக்காத பையன் - என் அனுபவம்

எங்கிட்ட டியூஷன் வர்ற ஒன்பதாவது படிக்கிற பையன், டென்ஸ் எல்லாம் கரெக்டா எழுதுவான், ஆனா பேசச் சொன்னா தலைய குனிஞ்சிடுவான், கிளாஸ்ல "இஸ்கூல்"னு சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சிருக்காங்க, பாவம். தமிழ்ல வார்த்தை மெய்யெழுத்துல ஆரம்பிக்காதுடா, அதான் நாக்கு தானா முன்னாடி ஒரு இ போடுது, உன் தப்பே இல்லன்னு சொன்னேன், முகமே மாறிடுச்சு. அப்புறம் டயர்ல காத்து இறங்குற மாதிரி ஸ்ஸ்ஸ்னு இழுத்துட்டு "கூல்" சேர்க்கச் சொன்னேன், வந்துடுச்சு! வீட்ல போன்ல தனியா ரெக்கார்ட் பண்ணி, பிடிச்சத மட்டும் அனுப்புவான். பேசும்போது நடுவுல திருத்தவே மாட்டேன், முடிச்சப்புறம் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லுவேன், என்னைக் கேட்டா இதுதான் ரொம்ப முக்கியம். இப்ப கிரிக்கெட் மேட்ச் கதை ஃபுல்லா இங்கிலீஷ்லயே சொல்றான், டென்ஸ் அங்கங்க மாறுது, அத மெதுவா பாத்துக்கலாம்.