சூப்பர் கணினியில் சிமுலேஷன்: ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

ஜொகூரின் கூலாயில் யங் எஸ்டேட் இருந்த நிலம் இப்போது டேட்டா சென்டர் வளாகம். 2023 டிசம்பரில் வைடிஎல் நிறுவனமும் என்விடியாவும் ஜொகூரில் ஏஐ கணினிகள் அமைக்கப்போவதாக அறிவித்த பிறகு, இங்கே பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு நம்பிக்கை ஏறியிருக்கிறது. வெள்ளமோ, ஆலைக் கொதிகலனோ, காற்று மாசோ, பெரிய கணினியில் போட்டால் விடை வந்துவிடும் என்கிறார்கள். விடை வரும். சரியான விடையா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான தவறுகள் கணினி ஓடும்போது நடப்பதில்லை. ஓட்டுவதற்கு முன்பும், வண்ணப்படம் திரையில் வந்த பின்பும்தான் நடக்கின்றன.

தோட்டப்புறத்தில் அதிகம் காலை வாரிவிடுவது தரை உயரம். வெள்ள சிமுலேஷனுக்கு, அதாவது வெள்ளம் எப்படிப் பரவும் என்று கணினியில் போட்டுப் பார்க்கும் கணக்குக்கு, உயர வரைபடம் வேண்டும். கைக்கு எளிதில் கிடைப்பது எஸ்ஆர்டிஎம் என்ற இலவசத் தரவு. 2000 பிப்ரவரியில் நாசாவின் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்தது அது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்த ரேடார் அலை செம்பனை மட்டைகளை முழுதாக ஊடுருவித் தரைக்கு இறங்காது. அதனால் முதிர்ந்த மரங்கள் நின்ற பிளாக், வரைபடத்தில் பல மீட்டர் உயர்ந்த மேடாகத் தெரியும். அப்போதுதான் மறுநடவு செய்த பக்கத்து பிளாக் பள்ளமாகத் தெரியும். கணினிக்கு மரம் என்றால் என்னவென்று தெரியாது. மேடு என்று நம்பி ஆற்று நீரைச் சுற்றிவிடும். நிஜத்தில் அந்த நீர் மரங்களுக்கு நடுவே புகுந்து லயத்து வாசலில் நிற்கும். ஆயிரம் கோர் (கணினிக்குள் கணக்குப் போடும் தனித்தனி அலகு) கொடுத்தாலும் இந்தப் பிழை அப்படியே இருக்கும். மர உயரத்தைக் கழித்துத் திருத்திய தரவையோ, விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்த லைடார் தரவையோ தேட வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் முக்கியமான இடங்களிலாவது நிலஅளவைக் கருவியோடு போய் நிற்க வேண்டும்.

2000இல் அளந்ததை இன்றைய நிலம் என்று எடுத்துக்கொள்வதும் இதே வகைப் பிழைதான். செம்பனை நின்ற மண் மழையில் ஒரு பகுதியைக் குடித்துக்கொண்டது. அங்கே கான்கிரீட்டும் தாரும் வந்தால் அதே மழை நேராக வடிகாலுக்கு ஓடும். நீர் உறிஞ்சும் அளவையும், ஓடும் நீருக்குத் தரை தரும் தடையையும் பழைய மதிப்பிலேயே விட்டுவிட்டு, ‘என் மெஷ் (நிலத்தை வெட்டிய கட்ட வலை) எவ்வளவு நுணுக்கம் பார்த்தீர்களா’ என்று காட்டுபவர்களை நிறையப் பார்க்கலாம்.

சமன்பாடு சரியாக இருந்தும் தொடக்கத் தரவு கெடுத்த கதை இந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலேயக் கணிதவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கணினியே இல்லாத காலத்தில் கையாலேயே ஒரு வானிலைக் கணிப்பைப் போட்டு 1922இல் வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று வந்தது. நிஜத்தில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. தொடக்கத்தில் கொடுத்த காற்று அளவுகளும் அழுத்த அளவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான் காரணம். பிற்காலத்தில் வானிலை அறிஞர் பீட்டர் லிஞ்ச் அந்தத் தரவைச் சமன்செய்து கணக்கைத் திரும்பப் போட்டபோது நியாயமான விடை கிடைத்தது.

அடுத்தது, சோதனை என்ற பெயரில் நடக்கும் ஏமாற்று. வேண்டுமென்றே செய்வதில்லை, ஆனாலும் ஏமாற்றுதான். கோத்தா திங்கியை 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இரண்டு முறை வெள்ளம் சூழ்ந்தது. டிசம்பர் வெள்ளத்தோடு பொருந்தும்வரை மாடலில் நீர் உறிஞ்சும் அளவு, தரைத் தடை போன்ற எண்களைத் திருகிவிட்டு, ‘பாருங்கள், டிசம்பர் வெள்ளத்தை அப்படியே காட்டுகிறது’ என்றால் அதில் வியப்பே இல்லை; பொருந்தத்தானே திருகினோம். முதல் வெள்ளத்தில் எண்களைச் சரிசெய்து, அவற்றைத் தொடாமல் இரண்டாவது வெள்ளத்தை ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை. அளவீட்டு நிலையம் இல்லாத இடத்தில் ஊர்க்காரர்கள் உதவுவார்கள். ஓய்வுபெற்ற கிராணியிடம் போய், “ஐயா, அந்த வருஷம் தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?” என்று கேளுங்கள். “கோயில் மூணாவது படி, தம்பி” என்பார். படியின் உயரத்தை அளந்தால் ஒரு சரிபார்ப்புப் புள்ளி கிடைத்துவிடும். ஒருவர் நினைவை மட்டும் நம்பாமல் நாலு பேரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி மெஷ். ஒரு பொருளையோ நிலத்தையோ சிறுசிறு கட்டங்களாக வெட்டித்தான் கணினி கணக்குப் போடும். கட்டம் பெரிதானால் வேலை சீக்கிரம் முடியும். சொல்ல வேண்டிய விஷயம் நடுவில் தொலைந்தும் போகலாம். நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாவாங்கர் அருகே மூழ்கிப் போனது. சுவர்கள் சந்திக்கும் மூலைகளில் கட்டங்கள் சரியாக அமையாததால், வெட்டு விசை (சுவரைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை) உண்மையைவிட 47 விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. அதை நம்பிக் கட்டிய சுவர் மெலிவாகிவிட்டது. மூலையில் போட்ட இரும்புக் கம்பியும் போதவில்லை. விபத்துக்குப் பிறகு கவனமாகச் செய்த ஆய்வு, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில். இழப்பு சுமார் 70 கோடி அமெரிக்க டாலர். அதாவது அந்தக் காலத்துக் கணக்கு முறையே போதுமானதாக இருந்தது. அதைப் பயன்படுத்திய விதம்தான் போதவில்லை.

இதைத் தவிர்க்கும் வழி எல்லோருக்கும் தெரியும், செய்பவர்கள்தான் குறைவு. ஒரே கணக்கை மூன்று அளவுக் கட்டங்களில் ஓட்டி, கட்டம் சிறிதாகச் சிறிதாக விடை ஓரிடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முப்பரிமாணத்தில் கட்டத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை 8 மடங்கு. பல முறைகளில் நேரப் படியையும் (கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னேறும் நேர அளவு) பாதியாக்க வேண்டியிருக்கும் என்பதால் வேலை 16 மடங்கு. சலிப்புதான். பெரிய கணினியைக் கேட்டு வாங்குவதற்கு நியாயமான காரணமும் இதுவே. ஆனால் கிடைத்த நேரம் முழுவதையும் ஒரே ஒரு பிரமாண்ட ரன்னில் கொட்டிவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

கோர்களைக் கூட்டினால் அதே விகிதத்தில் வேகமும் கூடும் என்பது இன்னொரு மயக்கம். தோட்டத்தில் எத்தனை பேர் குலை வெட்டினாலும், ஆலை வாசலில் எடைபோடும் மேடை ஒன்றே என்றால் லாரிகள் வரிசையில்தான் நிற்கும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதம் இதுதான். நிரலில் 5 விழுக்காட்டைப் பிரித்துக் கொடுக்க முடியாது என்றால், எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது. 64 கோரில் சுமார் 15 மடங்கு, 1024 கோரில் 19.6. கூடுதலாகப் போட்ட 960 கோரும் ஐந்து மடங்குகூடச் சேர்க்கவில்லை, க்யூவில் (கணினிக்குக் காத்திருக்கும் வேலைகளின் வரிசையில்) மற்றவர்களைக் காக்க வைத்ததுதான் மிச்சம். முதலில் 8, 16, 32 என்று சிறிய ஓட்டங்களில் நேரத்தை அளந்து, லாபம் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள்.

ஏஐக்கு வாங்கிய ஜிபியு (பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் கணினி அட்டை) சிமுலேஷனுக்கும் ஆகும் என்று நினைப்பது இப்போதைய புதுத் தவறு. ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் பிட் கூடினால் துல்லியமும் கூடும். ஏஐ பயிற்சிக்குப் பெரும்பாலும் 16 பிட், 8 பிட் எண்களே போதும். திரவ ஓட்டம், கட்டமைப்பு போன்ற கணக்குகளுக்குப் பெரும்பாலும் 64 பிட் துல்லியம் வேண்டும். விளையாட்டுக்கென விற்கும் அண்மைக்கால என்விடியா அட்டைகளில் 64 பிட் வேகம் 32 பிட் வேகத்தில் 64இல் ஒரு பங்குதான். விளம்பரத்தில் ‘எக்ஸாஃப்ளாப்’ (நொடிக்கு 10இன் 18ஆம் அடுக்கு கணக்குகள்) என்று பார்த்தால் எத்தனை பிட்டில் என்று கேளுங்கள். 2022இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்து ஃப்ரன்டியர் கணினி அந்த எல்லையைத் தாண்டியது 64 பிட் கணக்கில். துல்லியத்தைக் குறைக்கவே கூடாது என்பதல்ல. குறைத்தால் விடை எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துவிட்டுக் குறைக்கலாம்.

விடை வந்ததும் ‘நீர்மட்டம் 3.47 மீட்டர்’ என்று ஒற்றை எண்ணை அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். மழையளவே 10 விழுக்காடு முன்பின் இருக்கும்போது அந்த இரண்டாவது தசமம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய நடுத்தரகால வானிலை மையம் ஒரே கணிப்பைச் சற்றே மாறிய தொடக்கங்களோடு 51 முறை ஓட்டுகிறது. நம்மால் 51 முடியாவிட்டால் பத்து முறையாவது ஓட்டலாம். மழை, தரைத் தடை, வடிகால் அடைப்பு இவற்றைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றினால் ‘3 முதல் 4 மீட்டர்’ என்று ஒரு வீச்சு வரும். தடுப்புச்சுவர் கட்டப்போகிறவருக்கு அதுதான் உபயோகம்.

செம்பனை ஆலைக்காரர்களுக்கு ஒன்று. கொதிகலன் சிமுலேஷனுக்குப் போகும் முன் ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பாருங்கள். 100 டன் குலையில் ஏறக்குறைய 20 டன் எண்ணெய் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். நாரும் ஓடும் எரிந்து தரும் வெப்பத்தையும் அதேபோலத் தோராயமாகப் போட்டுவிடலாம். சிமுலேஷன் அதற்கு இரண்டு மடங்கு நீராவியைக் காட்டினால், பிழையை நாரின் ஈரப்பதத்திலோ அலகு மாற்றத்திலோ தேடுங்கள்.

மிச்சம் சில்லறை விஷயங்கள்தான், ஆனால் வேலை வீணாவது பெரும்பாலும் இவற்றால். லாகின் நோடில் (எல்லோரும் நுழையும் பொது வாசல் கணினியில்) கணக்கை ஓட்டாதீர்கள். க்யூவில் கொடுத்த நேரம் தீர்ந்ததும் வேலை வெட்டப்படும். இடையிடையே நிலையைச் சேமிக்கும்படி எழுதாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கோர் எண்ணிக்கையை மாற்றும்போது கூட்டும் வரிசை மாறி, கடைசி இலக்கங்கள் கொஞ்சம் வேறுபடும். அதற்குப் பயப்பட வேண்டாம், முதல் மூன்று இலக்கமே மாறினால் பயப்படுங்கள். ஒவ்வொரு ரன்னோடும் நிரலின் பதிப்பு, கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்), உள்ளீட்டுக் கோப்பு, தரை வரைபடம் எந்த ஆண்டுக்குரியது ஆகியவற்றை ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். இடம் போதாவிட்டால் முதலில் அழிக்க வேண்டியவை படங்களும் வீடியோக்களும். உள்ளீடு இருந்தால் அவற்றைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளலாம்.