400 ஐஎம்: பட்டர்ஃப்ளைல அடக்கி வாசிங்க, ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்ல ரேஸ் பண்ணுங்க

400 மீட்டர் இன்டிவிஜுவல் மெட்லிக்கு (சுருக்கமா ஐஎம், ஒரே ஆள் பட்டர்ஃப்ளை, பேக்ஸ்ட்ரோக், ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல்னு நாலு நீச்சலயும் இதே வரிசைல 100 மீட்டர் வீதம் நீந்துற ரேஸ்) ரெடியாகுறவங்க முதல்ல கேக்குறது, பட்டர்ஃப்ளைய எவ்ளோ வேகமா போகணும்னு தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் ஃபைனல பாருங்க. மைக்கேல் ஃபெல்ப்ஸ் 4:03.84ல உலக சாதனை பண்ணாரு, அதுல பட்டர்ஃப்ளை 54.92, பேக் 1:01.57, ப்ரெஸ்ட் 1:10.56, ஃப்ரீ 56.79. அதே ஒலிம்பிக்ஸ்ல தனி 100 பட்டர்ஃப்ளைய 50.58ல ஜெயிச்சவரு அவரு. அப்படிப்பட்ட ஆளே ஐஎம்ல நாலு செகண்டுக்கு மேல கைல வெச்சுகிட்டு தான் ஆரம்பிச்சிருக்காரு, நாம அத விட ஜாஸ்தியாவே வெச்சுக்கணும். உங்க டார்கெட் 6:30னு வெச்சுப்போம், பட்டர்ஃப்ளை 1:30, பேக் 1:40, ப்ரெஸ்ட் 1:50, ஃப்ரீ 1:30னு பிரிச்சு பாருங்க, அப்புறம் உங்க பலம் எதுல இருக்கோ அதுக்கேத்த மாதிரி அஞ்சு அஞ்சு செகண்டா நகத்திக்கலாம்.

பட்டர்ஃப்ளைல முதல் 50 முடியும்போது "ரொம்ப மெதுவா போறோமோ"ன்னு தோணணும், அது தான் சரியான வேகம். ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் மூச்சு எடுத்தாலும் தப்பில்ல, இடுப்பு மேல வந்தா போதும். முதல் 50க்கும் ரெண்டாவது 50க்கும் ஸ்ட்ரோக் எண்ணி பாருங்க, பெரிய வித்தியாசம் வந்தா ஓவரா போயிட்டீங்கனு அர்த்தம்.

பேக்ஸ்ட்ரோக்ல மூச்சு செட் ஆகும், ஆனா படுத்து ரெஸ்ட் எடுக்குற இடம் இல்ல அது. கிக் சின்னதா, நிக்காம போயிட்டே இருக்கட்டும், அடுத்து ப்ரெஸ்ட் வருது, கால் வேணும். ரெண்டாவது 50ல கை வேகத்த மட்டும் கொஞ்சம் ஏத்துங்க. சுவர்லேந்து 5 மீட்டர்ல மேல கட்டியிருக்குற கொடிக்கு அப்புறம் எத்தன ஸ்ட்ரோக்ல கை சுவர தொடுதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்ற அளவுக்கு தெரிஞ்சிருக்கணும், ஏன்னா பேக் முடியுறப்போ மல்லாந்த நிலையிலயே சுவர தொடணும், தொடுறதுக்கு முன்னாடி கவுந்துட்டா டிஸ்குவாலிஃபை தான். க்ராஸ்ஓவர் டர்ன் (சுவர தொட்டதும் தண்ணிக்குள்ளயே குட்டிக்கரணம் மாதிரி திரும்புறது) வேகம் தான், ஆனா மூச்ச நிறைய சாப்பிடும், புதுசா வர்றவங்களுக்கு சாதா ஓப்பன் டர்னே (தொட்டு, தலைய மேல தூக்கி மூச்சு எடுத்து திரும்புறது) போதும்.

ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக் தான் என்ன பொறுத்தவரைக்கும் இந்த ரேஸோட உயிர். நாலுலயும் மெதுவான ஸ்ட்ரோக் இது, அதனால ஆளுக்கு ஆள் வித்தியாசமும் இங்க தான் பெருசா விழும், கொஞ்சம் டெக்னிக் நல்லா இருந்தாலே மூணு நாலு செகண்ட் கிடைக்கும். ஃபெல்ப்ஸோட சாதனை 15 வருஷம் நின்னுச்சு, 2023ல ஜப்பானோட ஃபுகுவோகால ஃப்ரான்ஸ் வீரர் லியோன் மர்ஷான் 4:02.50ல உடைச்சாரு, அதுலயும் பெரிய லாபம் ப்ரெஸ்ட்ல தான் (ரெண்டு பேருக்கும் கோச் ஒரே ஆள், பாப் போமன்). எவ்ளோ மூச்சு வாங்கினாலும் டர்ன் முடிஞ்சு தண்ணிக்குள்ள பண்ற புல்அவுட்ட முழுசா பண்ணுங்க, ஒரு கை இழுப்பு, ஒரு டால்ஃபின் கிக் (ரெண்டு காலையும் சேத்து அடிக்குறது), அப்புறம் ப்ரெஸ்ட் கிக். முதல் 50 நீளமா, ரெண்டாவது 50 டெம்போ ஏத்தி.

ஃப்ரீக்கு மாறினதும் முதல் 20 மீட்டர் கால் பேச்சே கேக்காது, அது எல்லாருக்கும் தான், பயப்படாம கைய நீட்டி நீட்டி போங்க, கடைசி 50ல கிக்க முழுசா போடுங்க. இங்க மிச்சம் பிடிக்காதீங்க. 2019 உலக சாம்பியன், ஜப்பான் வீரர் டையா செட்டோ, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஹீட்ஸ்ல (ஃபைனலுக்கு எட்டு பேர தேர்வு பண்ற முதல் சுற்று) கடைசி ஃப்ரீல தளர விட்டு 9வது இடம் வந்து ஃபைனலயே தவற விட்டாரு.

ட்ரெயினிங்குக்கு வருவோம். நாலு ஸ்ட்ரோக்கையும் தனித்தனியா பழகினா பத்தாது, ஒண்ணுலேந்து இன்னொண்ணுக்கு மாறுற அந்த இடத்த பழகணும். 12 தடவ 50 மீட்டர் போடுங்க, 25 மீட்டர் பூல்னா டர்ன் சரியா நடுவுல வரும், முதல் நாலு பட்டர்ஃப்ளை-பேக், அடுத்த நாலு பேக்-ப்ரெஸ்ட், கடைசி நாலு ப்ரெஸ்ட்-ஃப்ரீ, நடுவுல 15 செகண்ட் ரெஸ்ட். வாரத்துல ஒரு நாள் உடைச்ச 400, அதாவது ஒவ்வொரு 100க்கு அப்புறமும் 10 செகண்ட் நின்னு ரேஸ் வேகத்துலயே போறது, இதுல வர்ற டைம் தான் உங்க டார்கெட் நிஜமா கனவான்னு சொல்லும். பட்டர்ஃப்ளைய களைச்சு போய் 200, 300னு இழுத்துட்டே போறது எனக்கு சுத்தமா பிடிக்காது, கெட்ட ஸ்ட்ரோக் தான் பழகும், அதுக்கு பதிலா 25, 50ஆ ரெஸ்ட் கம்மியா வெச்சு நிறைய போடுங்க. மத்த நாள்ல ஃப்ரீயும் பேக்கும் கலந்து நீளமா நீந்துங்க, ஸ்டாமினா அதுல தான் வரும். ப்ரெஸ்ட் கிக் செட்ட மட்டும் மெல்ல ஏத்துங்க, முட்டியோட உள்பக்கம் வலிச்சா அன்னிக்கு நிறுத்திடுங்க. ரேஸுக்கு முந்தின வாரம் தூரத்த குறைங்க, வேகத்த குறைக்காதீங்க.

ரேஸ் அன்னிக்கு யாரயாவது நிக்க வெச்சு நாலு ஸ்ப்ளிட்டையும் (ஒவ்வொரு 100க்கும் ஆன டைம) எழுத சொல்லுங்க. பேக் ரொம்ப சரிஞ்சிருந்தா தப்பு பட்டர்ஃப்ளைல, அடுத்த தடவ அங்க ரெண்டு மூணு செகண்ட் மெதுவா போங்க. ஃப்ரீ எதிர்பாத்தத விட ரொம்ப வேகமா வந்திருந்தா ப்ரெஸ்ட்ல இன்னும் அழுத்தியிருக்கலாம், அடுத்த மாசம் அந்த பேக்-ப்ரெஸ்ட் ஐம்பதுகள கூட்டிக்கோங்க.