ஸ்டுட்கார்ட்டில் அவர், உப்புவெளியில் நான்

காதலர் ஜேர்மனியில் இருக்கிறார், நீங்களும் அங்கே படிக்கப் போக நினைக்கிறீர்களா? முதலில் படிப்பைத் தேடுங்கள், அவருடைய தெருவை இல்லை. விசாக் கடிதத்தில் ஏன் இந்தப் பாடம் என்பதைத்தான் எழுத வேண்டும். உறவைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

அடுத்தது காசு. ஜேர்மனியில் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் நம்மிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ கேட்கும். ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு, 2024 செப்டம்பர் முதல், முடக்கக் கணக்கில் (முழுப் பணத்தையும் முன்பே போட்டு, மாதாமாதம் ஓர் அளவு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் 992தான் கைக்கு வரும்.

என் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பெயருக்கு ஓர் ‘எச்’ கூடுதல், கடவுச்சீட்டில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, திருகோணமலை இரவு ரயிலில் மூன்று தடவை கொழும்புக்குப் போனேன். நீங்கள் இன்றைக்கே எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

அப்புறம், அறை தனியாக எடுங்கள். அம்மாவுக்காக இல்லை, சண்டை வந்தால் போக ஓர் இடம் வேண்டுமே.